கொழுக்கிப்புழுவும் அரைப்பேரும்: ஊவாத் தோட்டங்களிற் சுகாதார இயக்கத்தின் வரலாறு

ஈழத்து மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் நிரம்ப எழுதியுள்ளனர். கோப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டில் ஊவாவிலுள்ள மடுல்சீமைத் தோட்டமொன்றிலே முதன்முதற் காணப்பட்டது என்பதும், அந்நோய் கண்டபின் அறிஞர் பலர் அவ்விலைகளை இங்கிலாந்துவரை அனுப்பி ஆராய்ந்தனர் என்பதும் பாடநூல்களிலும் இடம்பெற்ற செய்திகள். செடியின் நோய்க்குக் கிடைத்த இக்கவனத்திற் பாதியேனும் செடியை நட்டுப் பேணிய மாந்தரின் நோய்க்குக் கிடைக்கப் பல்லாண்டு சென்றது. கவனம் கிடைத்த பின்னரும், கொடுத்த மருந்தை அவர்கள் விரும்பி உண்ணாததும், கட்டிய மலகூடத்தை விரும்பிப் பயன்படுத்தாததும் ஏன் என்ற வினா நெடுங்காலம் தக்கவாறு கேட்கப்படவே இல்லை.

ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. இருப்புப்பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளை நகரைச் சேர மேலும் முப்பது ஆண்டுகள் கழிந்து 1924ஆம் ஆண்டாயிற்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை முதலிய இடங்களின் தோட்டங்களோ புகைவண்டி நிலையத்திலிருந்தும் பல கல் தொலைவின. தமிழகத்தினின்றும் வந்தோர் அக்காலத்தில் இம்மலைகளைக் கால்நடையாகவே அடைந்தனர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிய வடபெருவழியில் நீரின்றியும் நோயுற்றும் இறந்தோர் தொகை பெரிது. உயிர் தப்பி மலையேறியவர்கள் தம் உடலுக்குள்ளே வேறொரு பயணியையும் கொண்டு வந்தனர். அதுவே கொழுக்கிப்புழு.

இப்புழுவின் இயல்பை அறிந்தாலன்றிப் பின்வந்த இயக்கத்தின் வெற்றி தோல்விகளை அளவிடல் அரிது. மனிதக் குடலின் சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உண்டு வாழ்வது அது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளிப்போந்து, ஈரமும் நிழலும் உள்ள மண்ணிலே பொரித்துச் சிறு புழுக்களாகின்றன. அம்மண்ணை வெறுங்காலால் மிதிப்பவனின் தோலைத் துளைத்து அவை உட்புகுகின்றன. தோல்வழியாகவே இது புகும் என்பதை 1898ஆம் ஆண்டளவில் எகிப்திலே லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், தம் கைமீது தற்செயலாகச் சிந்திய புழுநீரினாற் கண்டறிந்தார். தேயிலை நிரையின் அடியிலுள்ள ஈர நிழலைவிட இப்புழுவுக்கேற்ற நிலம் வேறில்லை. வெறுங்காலுடன் அந்நிரைகளின் ஊடே நாள்முழுதும் நடப்பவளைவிட அதற்கு ஏற்ற விருந்தோம்புநரும் இல்லை. புழு ஒருவரை உடனே கொல்வதில்லை; குருதிச்சோகையால் உடலை மெல்ல மெல்லத் தளரச் செய்கிறது. தளர்ந்தவனைச் சோம்பேறி என்றே கங்காணியும் துரையும் கருதினர். நோயின் பெயர் குணத்தின் பெயராக மாறிய கொடுமை அது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளரிடை நோய்கள் பற்றியும் இரு சட்டங்கள் பிறந்தன. மகப்பேற்றுக் காலத்தில் தாய்க்கு உணவும் உறையுளும் தருதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கவனித்தல் முதலியன தோட்டத் தலைமையின் கடமையாயின. ஆயினும் இச்சட்டங்களிற் கடமை உடையவர் துரை. பயன் பெறுபவர் தொழிலாளி. இருவரிடையே தொழிலாளியின் விருப்பம் என்ற ஒன்று உண்டென்பது அவற்றின் ஏட்டில் இல்லை.

அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் இந்நாட்டில் 1916ஆம் ஆண்டு தொடங்கிய கொழுக்கிப்புழு இயக்கம் அவ்விருப்பத்தை நேர்முகமாகச் சந்தித்த முதல் முயற்சி எனலாம். அந்நிறுவனத்தின் கீழைத்தேயப் பொறுப்பாளர் விக்டர் ஹெய்சர் முன்னரே வந்து பார்த்துச் சென்றிருந்தார். சுனொட்கிராஸ் என்னும் மருத்துவர் இயக்குநராய் அமர்ந்தார். வடபெருவழி மலைநாட்டினுட் புகும் வாயிலாகிய மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே வேலை தொடங்கிற்று. பின்னர் மற்றைத் தோட்டங்களுக்கும் பரவிற்று. லயங்கள் தோறும் ஆட்கள் எண்ணப்பட்டனர், மலம் சோதிக்கப்பட்டது, ஓமவாடை வீசும் செனப்போடியம் என்னும் எண்ணெய் மருந்தும் அதன்பின் பேதி உப்பும் கொடுக்கப்பட்டன. உருப்பெருக்குக் கண்ணாடியிற் புழுவின் முட்டையைக் காட்டியும், மாய விளக்குப் படங்களால் விளக்கியும் பிரசாரம் நடந்தது. கண்ணாற் காணாத ஒன்றை நம்பச் சொல்வதினும் கண்முன் காட்டுவது மேல் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1920களில், ஊவாவுக்கு வருவோர் உட்பட இலங்கை வரும் தொழிலாளர் அனைவரும் தங்கிய மண்டபம் முகாமிலும் புழுமருந்து கொடுக்கப்பட்டது.

மருந்தை எதிர்த்தோர் உண்டு, மறைந்தோரும் உண்டு. அறியாமை என்று இதனை எழுதிச் செல்வது எளிது. அதனை ஒரு கணக்காக நோக்குமிடத்துத் தோற்றம் வேறாகிறது. பெரட்டுக்களத்தில் விடியற்காலை பெயர் பதியப்பட்டு, குறித்த நிறைக் கொழுந்தைப் பறித்தவளுக்கே ஒரு முழுப் ‘பேர்’. குறைந்தால் அரைப்பேர். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1929 தைமாதம் முதல் நடைமுறைக்கு வந்த சம்பளத்தின்படி உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். குமட்டலும் மயக்கமும் தந்து, பேதியால் உடலை வருத்தும் மருந்தை உண்ட நாள் முழுப்பேருக்கு உதவாத நாள். அந்நாளின் இழப்பு கண்முன் நிற்பது. வருங்காலத்தில் ஊறும் குருதியோ எவர் கண்ணுக்கும் தெரியாதது. போதாக்குறைக்கு, பெரட்டுக்கு வந்த ஆளொன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. எனவே தொழிலாளி லயத்திலே படுத்திருப்பதால் அவனுக்கு மட்டுமன்றி, அவனை ஏவுபவனுக்கும் நட்டமே. நோயை ஒப்புக்கொள்ள எவருக்கும் ஊதியமில்லாத ஏற்பாடு அது.

பொருளியலறிஞர் இவ்வகைக் கணக்கை அண்மைக்காலத்திலேதான் ஒரு கல்வித்துறையாக வகுத்தனர். மனிதன் எப்போதும் தன் நன்மையைச் சரியாக எடைபோட்டு நடப்பவன் என்ற பழைய கொள்கையைத் தானியல் கானமன், ஆமொஸ் துவெர்ஸ்கி என்னும் உளநூலார் இருவர் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் மறுத்தனர். ஒரு ரூபாவைப் பெறும் மகிழ்ச்சியினும் ஒரு ரூபாவை இழக்கும் துயரம் பெரிது என்பதும், தொலைவிலுள்ள பெருநன்மையினும் அண்மையிலுள்ள சிறுதுன்பமே மனத்தை ஆளும் என்பதும் இத்துறையின் அடிப்படைகள். றிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டைனும் 2008இல் எழுதிய நூலால் இக்கொள்கை அரசாங்கங்களின் கவனத்தை ஈர்த்தது. தேலருக்கு 2017இல் நோபெற் பரிசும் கிடைத்தது. எவரையும் தடுக்காமலும் வற்புறுத்தாமலும், நல்ல வழியை எளிய வழியாக அமைத்துவிட்டால் மக்கள் தாமே அவ்வழியிற் செல்வர் என்பதே அவர்தம் கருத்தின் சாரம். நடத்தைப் பொருளியல் என இன்று வழங்கும் இதன் பாடங்களைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அறிந்தேயிருந்தார். ஆளை வேலைக்கு வரச்செய்வதற்கு மட்டுமே அவர் அவ்வறிவைப் பயன்படுத்தினார்.

மலகூடத்தின் கதையை இவ்விடத்திற் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மருந்தினாற் புழு வெளியேறும். மண் தூய்மையாகாவிடின் சில மாதங்களில் மீண்டும் உட்புகும். ஆகையால் மலகூடம் கட்டாத தோட்டத்திற் கொடுக்கும் மருந்து வீண் என்பது றொக்பெல்லர் மருத்துவரின் வாதம். மருந்துச் செலவு சிறிது, கட்டடச் செலவு பெரிது. தோட்ட உடைமையாளர் முன்னதை விரும்பிப் பின்னதைத் தள்ளிப்போட்டனர். தொலைவிலுள்ள நன்மைக்காக இன்று செலவிட மனம் வராமை கூலியாளுக்கு மட்டும் உரிய குறையன்று. இலண்டனிற் பங்குதாரர் கூட்டத்தில் அமர்ந்திருந்தோரிடமும் அது இருந்தது. கட்டப்பட்டவை எத்தகையன? பல குடும்பங்களுக்குப் பொதுவானவை, லயத்தினின்றும் விலகியவை, நீரில்லாதவை, இரவில் விளக்கில்லாதவை. இருளிலே பெண்ணொருத்தி குழந்தையையும் இழுத்துக்கொண்டு அவ்விடம் செல்வதிலும் அருகிலுள்ள தேயிலை மலையினுட் செல்வது அச்சம் குறைந்த செயல். அவள் சுகாதாரத்தை வெறுத்தவளல்லள்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தின் நாற்கூறுகளை எண்ணுகையில் நோயுற்றவனையே முதலில் வைத்து, மருத்துவனையும் மருந்தையும் துணைநிற்போனையும் அவனுக்குப் பின்னரே வைக்கின்றது. தோட்டச் சுகாதாரத்தில் அம்முறை தலைகீழாயிற்று.

மகப்பேற்றுத் துறையில் வேறு வகை அனுபவம் கிட்டியது. 1939ஆம் ஆண்டு 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைச் சட்டம் பிரசவித்த தொழிலாளிக்குப் பணக் கொடுப்பனவு உண்டெனக் கூறியதோடு, தோட்டங்களுக்கு ஒரு மாற்று வழியையும் வைத்தது. பிரசவ விடுதியும் மருத்துவிச்சியும் உணவும் தரும் தோட்டத்திற் பணம் குறைந்த வீதத்திற் கொடுக்கப்படலாம் என்பது அது. லயத்து அறையின் புகையிலே பிள்ளை பெறும் வழக்கத்தைக் கண்டித்துப் பேசுவதை விட்டு, விடுதியிற் பெறுவதை நயமான செயலாக்கிய ஏற்பாடு என இதனைப் பாராட்டலாம். குறைத்த பணத்திற்கு ஈடாகத் தரப்பட்ட விடுதி உண்மையில் விடுதியாக இருந்ததா என்பது தோட்டத்திற்குத் தோட்டம் வேறுபட்ட செய்தி.

தோட்ட மக்கள் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலும் நாடற்றோராயினர். 1951 தொடக்கம் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீங்கியபோதும், தோட்டத்தின் சுகாதாரம் தோட்டத்தின் பொறுப்பாகவே தனித்து நின்றது. பதுளைப் பெரியாசுப்பத்திரியின் வாயில் திறந்தே இருந்தது. மடுல்சீமையிலிருந்து அங்கே செல்ல ஒரு நாட்பேர் இழக்கவேண்டும் என்பதும் அங்கே தமிழறிந்தவர் சிலரே என்பதும் மூடாத அவ்வாயிலை மூடிய கதவுகள். 1970களின் நடுப்பகுதியில் நேர்ந்த உணவுத் தட்டுப்பாடு இத்தனிமையின் விலையைக் காட்டிற்று. 1974இல் நாடு முழுவதிலும் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 51 சிசுக்கள் இறந்தன. தோட்டங்களில் அத்தொகை இரு மடங்கினும் மிக்கது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன. மாவும் அரிசியும் கிடையாத வீட்டிற்கு உடைமை எவருடையது என்பதனால் என்ன?

சுகாதாரத்தை ஊக்கப்படுத்தப் பணம் தரலாமா என்ற வினா, மிகக் கூர்மையாக எழுந்தது 1980களிலே. குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோர்க்கு அரசாங்கம் 1980ஆம் ஆண்டு முதற் பணம் வழங்கியது. 100 ரூபாவாகத் தொடங்கிய தொகை பின்னர் 500 ரூபாவாகியது. இழந்த நாட்சம்பளத்திற்கும் போக்குவரத்திற்கும் ஈடு என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். நகரத்து உத்தியோகத்தனுக்கு அத்தொகை ஈடாக இருக்கலாம். பசறையிலோ அப்புத்தளையிலோ கொழுந்து பறித்த பெண்ணுக்கு அது பல நாட்பேர். பெண்ணுக்கு ஆணோடொத்த சம்பளமே 1984இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் பின்னர்த்தான் கிட்டியது என்பதையும் இங்கே நினைத்தல் தகும். கடையிற் கடனும் அடுப்பில் வெறும் பானையும் இருக்கையில் நீட்டப்படும் பெருந்தொகை தெரிவை எளிதாக்குவதில்லை. தெரிவை விலைக்கு வாங்குகிறது. தடுப்பூசிக்காகப் பருப்புக் கொடுப்பதற்கும் மீட்கவியலாத சிகிச்சைக்காகப் பணம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு தொகையின் வேறுபாடு மட்டுமன்று. முன்னதை மறுத்தவள் மறுமாதம் வரலாம். பின்னதை ஏற்றவள் மீளமுடியாது.

பருப்புக் கொடுத்த நிகழ்ச்சி கற்பனையன்று. இராசத்தானத்து உதயப்பூர் மாவட்டக் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ முதலியோர் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. தடுப்பூசி முகாம் எதுவும் புதிதாக வைக்கப்படாத கிராமங்களில் நூற்றுக்கு 6 குழந்தைகளே தடுப்பூசி முழுவதையும் பெற்றிருந்தனர். தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 பேர். முகாமோடு ஊசிக்கொரு கிலோ பருப்பும், முழுவதும் முடித்தோர்க்கு உண்கலத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39 பேர். இவற்றுட் பலரும் எடுத்துப் பேசுவது பருப்பை. ஆறு பதினெட்டானது மருத்துவிச்சி சொன்ன நாளில் வந்தமையாலே என்பதை மறந்துவிடுகின்றனர். கெனியாவிலே மைக்கல் கிரெமரும் எட்வர்ட் மிகுவெலும் கண்டது புழுமருந்தைப் பற்றியதாகலின் இங்கு இன்னும் பொருத்தமுடையது. பாடசாலையில் இலவசமாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 75 மாணவர் உண்டனர். பெற்றோரிடம் ஒரு சிறு கட்டணம் கேட்டவுடன் அத்தொகை 19 ஆகச் சரிந்தது. சில்லறைக் காசு அவ்வளவு பெரிய தடையாகும் என்று எந்தப் பொருளியல் நூலும் முன்னர் எழுதியதில்லை. நாட்பேர் இழப்பின் எடையை அளக்க இதனினும் நல்ல தராசு வேண்டியதில்லை.

ஊவாவிலும் மற்றைத் தோட்டப் பகுதிகளிலும் வெற்றி கண்டவை பெரும்பாலும் எவரும் தனித்து முடிவு செய்ய வேண்டாத ஏற்பாடுகளே. பிள்ளைக்காம்பரா அதற்குச் சான்று. தாய் மலைக்குச் செல்கையிற் குழந்தையை விட்டுச்செல்லும் இடமாக, அதாவது தாயின் வேலைநேரத்தைக் காக்கவே அது தோன்றியது. பிற்காலத்தில் நிறை பார்த்தலும் தடுப்பூசியும் சத்துணவும் அங்கேயே வந்து சேர்ந்தமையால், தாய் ஒரு நாட்பேரையும் இழக்காமற் குழந்தை பயன்பெற்றது. 1973இல் நாட்டில் அறிமுகமான திரிபோஷாச் சத்துமா அத்துணை நேராகச் செல்லவில்லை. சோளமும் சோயாவும் கலந்த அம்மா கருவுற்ற தாய்க்கென்று கொடுக்கப்பட்டது; வீடு சேர்ந்ததும் அது குடும்பம் முழுவதற்கும் உணவாயிற்று. தான் உண்டு பிள்ளைகளைப் பார்த்திருக்கச் செய்ய எந்தக் கொள்கையாலும் இயலாது.

கொழுக்கிப்புழுவின் பிற்கால வரலாறு இவ்வாறு: 1992ஆம் ஆண்டில் தோட்டங்கள் முழுவதிலும் குழந்தைகளிடத்தும் பெண்களிடத்தும் நடத்திய ஆய்வில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஏதேனுமொரு குடற்புழு உடையவராய்க் காணப்பட்டனர். றொக்பெல்லர் இயக்கம் தொடங்கி எழுபத்தாறு ஆண்டுகளின் பின்னர் எண்ணிய எண் இது. 1994 முதல் 2005 வரை 3 வயது தொடங்கி 18 வயது வரையுள்ளோர்க்கு ஆண்டுக்கு இருமுறை மருந்து வழங்கப்பட்டது. செனப்போடியத்தைப்போல் ஆளை வீழ்த்தும் மருந்தன்று அது. உண்டவர் அன்றே பாடம் படிக்கலாம், விளையாடலாம். மருந்து வழங்கல் நின்று நான்காண்டு கழித்து ஐந்து மாவட்டங்களின் 114 பாடசாலைகளிற் சோதித்தபோது, தொகை நூற்றுக்கு 29 ஆகியிருந்தது. பதுளை மாவட்டப் பிள்ளைகளிடத்தே கொழுக்கிப்புழு காணப்படவேயில்லை. வட்டப்புழு ஐந்து மாவட்டங்களிலும் நின்றது. அது தோலைத் துளைப்பதன்று. கழுவாத கையின்வழி வாயினுட் புகுவது. லயத்து நீர்க்குழாயில் நீர் வருகிறதா என்பதைச் சார்ந்தது அது.

பெரட்டுக்கள வருகைக்கும் உடல்நலத்திற்கும் உள்ள பழைய பிணக்கு தீரவில்லை. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளமாகப் பேசப்பட்ட 620 ரூபாவில் 140 ரூபா வருகைக் கொடுப்பனவு. வேலை தரப்பட்ட நாட்களில் நான்கில் மூன்று பங்கு வராதவர் அதனைப் பெறார். நோயாளியான தாயொருத்தி அல்லது பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு திரிந்தவள் சென்ற நாளை மட்டுமன்றி, சென்று வேலை செய்த நாட்களின் பங்கையும் இழக்கும்படி அமைந்த கணக்கு அது. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அக்கொடுப்பனவு நீங்கியது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கும் என அறிவிக்கப்பட்டது. மருத்துவரின் துண்டைக் காட்டி விடுப்பெடுத்த நாளும் வந்த நாளாகக் கணிக்கப்படுமாயின், எந்தப் பிரசாரத்திலும் கூடிய நன்மையை அது செய்யும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகைச் சுகாதார ஆய்விலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாட்டில் நூற்றுக்கு 17, தோட்டத்துறையில் 32.

மேற்கூறிய 114 பாடசாலை ஆய்வு, புழுவுடைய பிள்ளைகளை மற்றையோரினின்றும் வேறுபடுத்திய காரணங்களை ஆராய்ந்தபோது இரண்டினை எல்லாப் புழுக்களுக்கும் பொதுவாகக் கண்டது. ஒன்று தாழ்ந்த நிலத்து வாழ்வு. அது இயற்கை தந்தது. மற்றது தாயின் கல்விக் குறைவு. அத்தாயர் சிறுமியராயிருந்த காலத்திலே தோட்டப் பாடசாலைகளுட் பல, ஓராசிரியர் ஓரறையில் எல்லா வகுப்பையும் கற்பித்த கொட்டகைகள். அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்.